‘இல்லை’ என்று குறித்தேன்

என் அம்மாவின் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றிக் கைப்பைக்குள் வைக்கச் சொன்னவன் நான். சென்னைத் துறைமுகத்தில், கப்பலேறும் வரிசையில் நின்றபோது சொன்னேன். அதற்கு முன்பே, பயணத்துக்கான உடல்நலப் படிவத்தில் ஆக்சிஜன் தேவைப்படுமா என்று கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று குறித்தவனும் நான்தான். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அப்படிக் குறிக்கச் சொல்லவில்லை. கப்பல் கம்பெனியின் கேள்வியில் எந்தக் குழப்பமும் இல்லை. பதில் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பொய் எழுதினேன். ஊரில் இதுநாள்வரை நான் சொல்லிவந்தது வேறு கதை. “அம்மாவுக்குக் கடல் ஒத்துக்கல” என்று சொல்லிப் பழியைக் கடல்மேலும் அவள் உடம்புமேலும் போட்டிருந்தேன்.

மரக்காணம் எங்கள் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியிலிருந்தபடியே பார்த்துவிட்டுப் போகும் உப்புக் குவியல்கள் எங்களுக்குச் சோறு போட்டவை. அம்மா உப்பளத்தில் கூலிக்குப் போனவள். மழைக்காலம் ஓய்ந்து, பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினால், ஐப்பசியில் மறுபடி மழை பிடிக்கும்வரை வேலை இருக்கும். விடியும் முன்பே கிளம்பிப் போவாள். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண் திறக்க முடியாது. காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்புநீர். வேலை முடிந்து வந்ததும் அடுப்பு. இந்தப் பக்கம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. மிளாறு சுலபமாகக் கிடைக்கும். தாழ்ந்த கூரை, ஜன்னல் இல்லாத சமையல் மூலை. காலையும் மாலையும் அந்தப் புகையைத்தான் அவள் சுவாசித்தாள். பீடியைக் கையால் தொட்டறியாத என் அம்மாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய் எப்படி வரும் என்று நான் மருத்துவரிடம் வாதாடியபோது, விறகுப் புகை போதும் என்றார் அவர். சி.ஓ.பி.டி. என்ற பெயர் அன்றுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவள் ரத்தத்தில் ஆக்சிஜன் 86, 87 சதவீதம் என்று நின்றது. 88-க்கு மேல் ஏறாமலே இருந்தால் வீட்டில் ஆக்சிஜன் வைக்கவேண்டும். அதையும் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் வைக்கவேண்டும். 1980-லும் 1981-லும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இந்தக் கணக்குக்கு அடிப்படை. குழாயை நீண்ட நேரம் வைத்துக்கொண்டவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள் என்பது அவற்றின் முடிவு. இதை மருத்துவர் எனக்கு நிதானமாக விளக்கியிருந்தார். ‘கொஞ்ச நேரம் கழற்றினால் என்ன ஆகிவிடும்’ என்று தெரியாமல் கேட்டவனாக நான் என்னைக் காட்டிக்கொள்ள முடியாது.

வீட்டுக்குக் கான்சன்ட்ரேட்டர் வாங்கினோம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தமிழ்நாடே கற்றுக்கொண்ட பெயர் அது. அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இந்த இயந்திரம் காற்றை அழுத்திச் சியோலைட் மணிகளுக்குள் செலுத்தும். நைட்ரஜன் அதில் பிடிபட்டு நிற்க, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே வரும். காற்று இருக்கும்வரை தீராது. ஆனால் கரண்ட் போனால் நின்றுவிடும். ஐந்து லிட்டர் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஏ.ஹெச். பேட்டரி புதிதாக இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு சிலிண்டர்தான். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. உப்பளம் எது, கழுவெளி ஏரி எது என்று பிரித்தறிய முடியாதபடி தண்ணீர். புயல் வரும் என்ற அறிவிப்பைக் கேட்டதுமே நான் சிலிண்டர்களை நிரப்பி வந்துவிட்டேன். உப்புக் காற்றில் ரெகுலேட்டர் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். திருகு இறுக்கமாக இருந்தும் எண்ணெய் விடவில்லை; ஆக்சிஜன் வரும் வாயில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த ரோட்டில் போகமுடியும் என்று விசாரித்து வைத்தேன். பக்கத்து வீட்டாரிடமும் தெருவில் வண்டி வைத்திருந்தவர்களிடமும் அம்மாவின் நிலையைச் சொல்லிவைத்தேன். அம்மா அந்த இரவைக் கடந்தாள். அவ்வளவு யோசித்தவன், மறு ஆண்டு கப்பல் பயணத்துக்கு ஒன்றுமே யோசிக்கவில்லை. வேறுபாடு ஒன்றுதான். புயலுக்கு நான் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

கப்பல் ஆசை அம்மாவுடையதுதான். உப்பு வரப்பில் நின்றால் கடல் தெரியும். இருட்டியபின் தொலைவில் போகும் கப்பலின் விளக்கும் சில நாள் தெரியும். கடலோரத்திலேயே ஆயுள் கழிந்தும் அவள் ஒரு தோணியில்கூட ஏறியதில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலுக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்ததை டிவியில் பார்த்தபோது, “அதுல நம்மள மாதிரி ஆளையும் ஏத்துவாங்களாப்பா?” என்று கேட்டாள். அப்போது அவள் குழாய் இல்லாமல் இருந்தாள். அன்றே கூட்டிப்போயிருக்கலாம், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அது வேறு குற்றம்.

சென்னையிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் இருந்துவிட்டு, சென்னைக்கே திரும்பும் சிறு பயணம் ஒன்றுக்குப் பணம் கட்டினேன். கட்டிய பிறகுதான் படிவம் வந்தது. ‘ஆம்’ என்று குறித்தால் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பார்கள், ஏற்றமாட்டோம் என்றும் சொல்லலாம், பணம் போகும் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. கப்பல் மேல்தளத்தில் அம்மாவோடு நிற்கும் படம் என் மனதில் முன்பே எடுத்தாகியிருந்தது. அந்தப் படத்தில் அவள் முகத்தில் குழாய் இல்லை. உப்பளத்துப் பெண்ணின் மகன் தன் தாயைச் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனான் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. நோயாளியைக் கூட்டிப்போனான் என்ற பேச்சு வேண்டியிருக்கவில்லை.

வீட்டு இயந்திரம் பதினைந்து கிலோ. சக்கரம் உருட்டிக்கொண்டு போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் தோளில் மாட்டும் சிறிய இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இரண்டரைக் கிலோதான். அது எப்படி வேலை செய்யும் என்று முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய இயந்திரம் ஆக்சிஜனை ஓயாமல் விட்டுக்கொண்டே இருக்கும். இந்தச் சிறிய இயந்திரங்களில் பெரும்பாலானவை, மூக்கு வழியாக மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தை உணர்ந்து ஒரு சிறு வீச்சு மட்டும் கொடுக்கும். அதில் ‘2’ என்று வைத்தால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று அர்த்தமில்லை. தூக்கத்தில் வாய்வழியாக மூச்சு விடுகிறவர்களுக்கு அது மூச்சை உணராமலே போகலாம். அம்மா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவள். வீட்டில் ஒரே ஓர் இரவு போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

வரிசை நீளம். பாஸ்போர்ட், ஆதார் என்று ஆளுக்கொரு காகிதத்தோடு குடும்பங்கள். பெட்டிகள் ஸ்கேனில் போனபோது என் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து வைத்துக்கொண்டார்கள்; தீ அபாயத்தால் பல கப்பல்களில் அதற்கு அனுமதி இல்லை. படித்துப் பார்த்திருந்தால் கொண்டுபோயிருக்கமாட்டேன். அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன்: “ஏறுற வரைக்கும் கழட்டிடும்மா. கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லு.” அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். கழற்றினாள். வளைத்துச் சுருட்டிப் பையில் வைத்தாள். ஏற்றமான நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதியிலேயே உதடு நிறம் மாறியது. “நில்லுப்பா” என்றாள். பின்னால் ஆள் வருகிறது என்று நான் நிற்கவில்லை. கேபினுக்குள் போய் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தபோது 79.

மாலையில் அபாயகாலப் பயிற்சிக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். சைரன் அடித்தால் எங்கே கூடுவது, லைஃப் ஜாக்கெட் எங்கே என்று காட்டுவது. கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியாகவேண்டும் என்பது சர்வதேச விதி. சோலாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த ஒப்பந்தம் 1912-இல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914-இல் பிறந்தது. பல முறை திருத்தப்பட்டு இன்றும் கப்பல்களை அதுதான் ஆள்கிறது. அதில் இன்னொரு விதி இருப்பதைத் திரும்பி வந்தபின் படித்தேன். ஆபத்து நேரத்தில் தனக்கு உதவி வேண்டும் என்று எந்தப் பயணி தெரிவித்திருந்தாலும், அவர் விவரத்தைப் பதிவுசெய்து, கிளம்பும் முன் கேப்டனிடம் தெரிவிக்கவேண்டும். தெரிவித்தவருக்குத்தான் இது. அந்தக் கப்பலில் தீ பிடித்திருந்தால், லிஃப்ட் நின்றிருந்தால், படியேற முடியாத ஒரு கிழவி இன்ன கேபினில் இருக்கிறாள் என்று கேப்டனுக்குத் தெரிந்திருக்காது. தெரியாதபடி செய்தவன் நான். அம்மாவின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து என் கையாலேயே நீக்கியிருந்தேன். பின்னால் நடந்தவை எல்லாவற்றையும்விட இதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது.

இரவு நடந்தது இது. சிறிய இயந்திரம் மூச்சை உணராமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்குகிறதே என்று நான் 2-இல் இருந்ததை 5-க்கு ஏற்றினேன். 2-இல் நாலைந்து மணி நேரம் வரும் பேட்டரி 5-இல் அதில் பாதிகூட வரவில்லை. பிளக் பாயின்ட் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம், மேஜைமேல். அம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி, மேஜையோரம் நாற்காலியில் உட்காரவைத்தேன். நடுநிசியில் அவளால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. அதற்கும் பிறகுதான் கப்பலின் மருத்துவ அறைக்கு போன் செய்தேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நான் தள்ளிப்போட்ட நேரம் அது. அழைத்தால் பொய் வெளியே வரும் என்பதுதான் தயக்கம்.

நாற்காலியில் வைத்துக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மலையாளம் கலந்த தமிழில் நர்ஸ் கேட்டார்: “எத்ர நாளா மூச்சு முட்டல்? முன்னாடி ஆக்சிஜன் எடுத்திட்டுண்டா?” நான் சொன்னேன்: “இல்ல மேடம். இன்னிக்குத்தான், திடீர்னு.”

அந்த நிலையிலும் பொய் சொன்னேன். அம்மா கையை உயர்த்தினாள். “ரெண்டு வருசமா... எடுக்கறேன்மா. ராத்திரி பூரா... வெச்சிருப்பேன்.” கேட்டதும் மருத்துவர் என் பக்கம் திரும்பாமல் வால்வைக் குறைத்தார். அதன் காரணத்தைப் பிறகு விளக்கினார். நல்ல நுரையீரல் உள்ளவருக்குத் திடீரென்று மூச்சுமுட்டினால் தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கலாம். இந்த நோய் முற்றியவர்களில் சிலருக்கு அப்படிக் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, மயக்கம் வந்து, மூச்சே நின்றுவிடலாம். 88-லிருந்து 92-க்குள் நிறுத்திவைக்கவேண்டும். அம்மா அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமலிருந்தால், என் பேச்சை நம்பி அவர் வேறு விதமாக நடந்திருக்கக்கூடும்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: கப்பலில் உள்ள ஆக்சிஜன் அவசரத்துக்காக, அத்தனை பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்து வைத்திருப்பது, முன்பே சொல்லியிருந்தால் பெரிய இயந்திரத்தையும் கொண்டுவரச் செய்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் கேபின் கேட்டிருக்கலாம், நீண்டநாள் ஆக்சிஜனில் இருப்பவர்கள் கப்பலில் பயணம் செய்வது ஒன்றும் புதிதில்லை. விமானத்தைவிட அவர்களுக்குக் கப்பல் எளிது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறையலாம்; கப்பல் கடல்மட்டத்திலேயே போகிறது. என் அம்மாவுக்கு ஏற்ற பயணத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்கமுடியும்.

மீதிப் பயணம் முழுதும் அவள் மருத்துவ அறையில் கிடந்தாள். அங்கே ஜன்னல் இல்லை. கடல்மேல் இருந்தும் அவள் கடலைப் பார்க்கவில்லை. சென்னையில் ஆம்புலன்ஸ், சில நாள் ஆஸ்பத்திரி. பயணக் காப்பீட்டில் பணம் வரவில்லை. அந்தப் படிவத்திலும் நான் ‘இல்லை’ என்றே குறித்திருந்தேன். மறுத்தது சரிதான்.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: “எனக்குக் கொழாயில வெக்கம் ஒண்ணும் இல்லப்பா. வாழ்நாள் பூரா தலையில சும்மாடு வெச்சிக்கினு ஊர் நடுவுல நடந்தவ நான். ஒனக்குத்தான் வெக்கம்.” நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஏதுமில்லை. மறுநாள் சொந்தக்காரர் ஒருவர் வந்து விசாரித்தபோது, அவள் எதிரிலேயே நான் மறுபடியும் “கடல் ஒத்துக்கல” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

நான் செய்யத் தவறியவற்றை இப்போது தெரிந்துகொண்டிருக்கிறேன். வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன். நுரையீரல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கவேண்டும். உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, நடக்கும்போது எவ்வளவு, தூங்கும்போது எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக அதில் இருக்கவேண்டும். சிறிய இயந்திரத்தை மட்டும் நம்புவதாக இருந்தால் அதைப் போட்டு நடக்கவைத்து, தூங்கவைத்து, அளவு பார்த்துக்கொள்ளவேண்டும். இரவுக்குப் பெரிய இயந்திரம், பகலுக்குச் சிறியது என்று இரண்டும் கையில் இருப்பதே நல்லது. கேபினில் எத்தனை பிளக், எந்த வடிவம், எத்தனை வோல்ட், கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கப்பல்காரர்களிடமே கேட்கலாம். சிலிண்டர் ஏற்றலாமா கூடாதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிநாட்டுத் துறைமுகங்கள் சிலவற்றில் கப்பலுக்கே கருவி கொண்டுவந்து தரும் வாடகை நிறுவனங்களும் உண்டு. கப்பலேறும் ஊருக்கு விமானத்தில் போவதாக இருந்தால் சொந்த சிலிண்டரைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. சிறிய இயந்திரத்துக்கு முன் அனுமதி வேண்டும். பறக்கும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு நேரத்துக்குப் பல நிறுவனங்கள் பேட்டரி கேட்கின்றன. உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். இதில் எதுவும் ரகசியமில்லை. கேட்டால் சொல்வார்கள். கேட்கவேண்டுமென்றால் நோயைச் சொல்லியாகவேண்டும். நான் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய பயணிகள் கப்பல் சேவையைப் பற்றி அம்மா விசாரிக்கிறாள். சுமார் நான்கு மணி நேரப் பயணம். போகமுடியுமா என்பது மருத்துவர் சொல்லவேண்டியது. இந்த முறை கப்பல் கம்பெனிக்கான கடிதத்தை அவளை வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். குழாயைப் பற்றிய வரியை அவள் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வீட்டில் ஆக்சிஜனோடு இருக்கும் தாயையோ தகப்பனையோ கடற்பயணம் கூட்டிப்போக நினைக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டும் முன்பே கப்பல் கம்பெனிக்கு எழுதுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை காத்திருங்கள். முடியாது என்று வந்தால் அதை மறைக்காமல் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.